பயணிகள் விமானத்தில் ஆளுக்கொரு பாராசூட் வைத்தால் என்ன?

“சீட்டுக்கு அடியில் லைஃப் ஜாக்கெட் வைக்கிறார்கள், பாராசூட் ஏன் வைப்பதில்லை? அகமதாபாத் விபத்தில் பாராசூட் இருந்திருந்தால் பாதிப் பேராவது பிழைத்திருப்பார்களே?” இதுதான் நீங்கள் கேட்டது. இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. உயிரைக் காக்க வழி இருந்தும், எடைக்கும் காசுக்கும் கணக்குப் பார்த்து விமான நிறுவனங்கள் அதைச் செய்யாமல் விடுகின்றனவா என்பது. அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். அதனால் செலவுப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பணம் ஒரு பொருட்டே இல்லை என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

பாராசூட் ஓர் ஆளைக் காப்பாற்ற வேண்டுமானால் போதிய உயரம் வேண்டும், அதை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வர நேரம் வேண்டும், விமானம் மெதுவாகவும் ஆடாமலும் பறக்க வேண்டும், இறக்கையிலோ வாலிலோ மோதாமல் வெளியேற வழி வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் வீண். அகமதாபாத்தில், 2025 ஜூன் 12 அன்று, அந்த போயிங் 787 தரையை விட்டு எழும்பிய பின் காற்றில் இருந்தது அரை நிமிடத்துக்குச் சற்று மேல். எட்டிய உயரம் சில நூறு அடி. பயிற்சி பெற்ற பாராசூட் படைவீரர்களையே 800 அடிக்குக் கீழே சாதாரணமாகக் குதிக்க விடுவதில்லை. அதுவும் பையை மாட்டி, கொக்கியைக் கம்பியில் கோத்து, வாசலில் வரிசையாக நிற்பவர்களை. சீட் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த அரை நிமிடத்தில் பெல்ட்டைக் கழற்றி எழுந்து நிற்கக்கூட நேரம் போதாது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். பாராசூட் அந்த எண்ணிக்கையை மாற்றியிருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் நாட்டின் மற்ற பெரிய விபத்துகளையும் இதே கண்ணோடு பாருங்கள். மங்களூரில் 2010 மே 22 அன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் தரையிறங்கிய பிறகு ரன்வேயைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். கோழிக்கோட்டில் 2020 ஆகஸ்ட் 7 அன்று, மழையில், அதேபோல ரன்வே முனையைத் தாண்டி விழுந்ததில் 21 பேர். பெங்களூரில் 1990 பிப்ரவரி 14 அன்று ரன்வேக்குச் சற்று முன்பே தரையில் மோதியதில் 92 பேர். இவை மூன்றும் தரையிலோ தரைக்கு மிக அருகிலோ நடந்தவை. உயரத்தில் நடந்தவையும் உண்டு. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள்; 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானம் 31,000 அடி உயரத்தில் குண்டு வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். முதல் வகையில் உயரம் இல்லை. இரண்டாம் வகையில் உயரம் இருந்தும் நேரம் இல்லை. உலக அளவிலும் உயிர்ச்சேத விபத்துகளில் பெரும்பகுதி புறப்படும்போதும் இறங்கும்போதும்தான் நடக்கிறது.

சரி, நேரம் கிடைத்துவிட்டது, விமானம் 35,000 அடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே குளிர் மைனஸ் 54 டிகிரி. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் கால்பங்கு. அந்த உயரத்தில் ஆக்சிஜன் முகமூடி இல்லாமல் ஒருவர் தெளிந்த புத்தியோடு செயல்படக்கூடிய நேரம் 30 முதல் 60 வினாடி. கேபின் அழுத்தம் திடீரென்று போனால் அதுவும் பாதியாகும். மிக உயரத்திலிருந்து குதிக்கும் ராணுவ வீரர்கள் குதிப்பதற்கு முன் நீண்ட நேரம் சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்து, ரத்தத்தில் உள்ள நைட்ரஜனை வெளியேற்றிவிட்டு, தனி ஆக்சிஜன் சிலிண்டரோடுதான் இறங்குகிறார்கள். விமானத்தின் வேகமோ மணிக்கு 850 கிலோமீட்டர் அளவில் இருக்கும். ஆக, அங்கிருந்து யாரும் குதிக்க முடியாது. விமானி முதலில் 10,000 அடிக்குக் கீழே இறக்கி, வேகத்தைக் குறைத்து, நேராகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். விமானம் அந்த அளவுக்குச் சொன்னபடி கேட்கிறது என்றால், ரன்வேயில் இறக்குவதற்கான வாய்ப்பும் அநேகமாக இருக்கிறது.

கதவைப் பற்றி இரண்டு விதமான தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. வானத்தில் யார் வேண்டுமானாலும் கதவைத் திறந்துவிடலாம் என்பது ஒன்று, எந்த நிலையிலும் திறக்கவே முடியாது என்பது இன்னொன்று. உள்ளபடி, உயரத்தில் பறக்கும்போது கேபின் உள்ளே ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 8 பவுண்டு அழுத்தம் வெளியில் இருப்பதைவிட அதிகம். ஒன்றரைச் சதுர மீட்டர் கதவுக்கு அது 8 டன்னுக்கு மேல். கதவின் அமைப்பே அந்த அழுத்தம் அதைச் சட்டத்தோடு இறுக்கும்படி இருக்கிறது. மனிதக் கையால் முடியாது. தாழப் பறக்கும்போது இந்த வித்தியாசம் கரைந்துவிடும். 2023 மே 26 அன்று தென் கொரியாவின் டேகு நகரில் இறங்க வந்துகொண்டிருந்த ஆசியானா விமானத்தில் ஒரு பயணி சுமார் 700 அடி உயரத்தில் அவசர வழிக் கதவைத் திறந்தேவிட்டார். விமானம் திறந்த கதவோடு இறங்கியது. 1971 நவம்பர் 24 அன்று அமெரிக்காவில் டி.பி. கூப்பர் என்று பெயர் சொல்லப்படும் விமானக் கடத்தல்காரர் போயிங் 727இலிருந்து பாராசூட்டில் குதித்ததைப் பலர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அந்த விமானத்துக்கு வாலின் அடியில் இறங்கும் படிக்கட்டு இருந்தது. அவர் கேட்டபடி 10,000 அடியில், அழுத்தம் நீக்கி, மெதுவாக ஓட்டினார்கள். அப்படி ஒரு பின்வாசல் இன்றைய ஏர்பஸ் 320இலும் போயிங் 737இலும் கிடையாது.

இருக்கும் வாசல்கள் குதிப்பதற்காக வைத்தவை அல்ல. முன்வாசலில் குதித்தால் பின்னால் என்ஜினின் வாயும் இறக்கையும். பின்வாசலில் குதித்தால் சில மீட்டர் தூரத்தில் வாலின் படுக்கைவாட்டுத் தகடு. ஹெர்குலிஸ் போன்ற ராணுவ விமானங்களில் பக்கக் கதவுகள் இறக்கைக்கு வெகு பின்னால், உயர்ந்த வாலுக்குக் கீழே இருக்கின்றன; குதிக்கும் நேரத்தில் கதவுக்கு முன் ஒரு காற்றுத் தடுப்புத் தகட்டையும் வெளியே நீட்டுவார்கள். அப்போது விமானத்தின் வேகம் 130 நாட், அதாவது மணிக்கு 240 கிலோமீட்டர். ஜெட் பயணி விமானம் ஃபிளாப் (வேகம் குறைந்தபோதும் தூக்குவிசை தரும் இறக்கைத் தகடு) இறக்காமல் பாதுகாப்பாகப் பறக்கக்கூடிய குறைந்த வேகமே ஏறக்குறைய 200 நாட், 370 கிலோமீட்டர். இப்போது ஒரு கணக்கு. 180 பயணிகள், இரண்டு பின்வாசல்கள். வீரர்கள் வினாடிக்கு ஒருவராகப் போவார்கள். பயிற்சியில்லாதவருக்கு, தயங்குபவரைத் தள்ளிவிடும் நேரம் உட்பட, நான்கு வினாடி என்று தாராளமாக வைத்தாலும் ஆறு நிமிடம் ஆகும். அதற்குள் விமானம் 37 கிலோமீட்டர் போயிருக்கும். காட்டில், கடலில், மின்கம்பிகளுக்கு நடுவில் 37 கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடப்பவர்களை யார் போய் எப்போது எடுப்பது? அதோடு, முன்பாதியில் இருந்த எல்லோரும் பின்வாசலுக்கு நகர்ந்தால் பல டன் எடை ஒரே நேரத்தில் வாலுக்குப் போகிறது. எடைமையம் எல்லை தாண்டிப் பின்னால் போனால் மூக்கு மேலே எழும்பும். ஏற்கெனவே பழுதான விமானம் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்து, கட்டுப்பாட்டை முழுக்க இழக்கலாம்.

பாராசூட்டை மாட்டுவது பலரும் நினைப்பதைவிட நுணுக்கமான வேலை. மார்புப் பட்டை ஒன்று, தொடைப் பட்டைகள் இரண்டு. குடை விரியும் கணத்தில் உடம்பின் வேகம் திடுமென்று அறுபடுகிறது. தொடைப் பட்டை தளர்ந்திருந்தால் ஆள் ஹார்னஸிலிருந்து உருவிக்கொண்டு கீழே போவார், பட்டை முறுக்கியிருந்தால் இடுப்பும் தொடையும் கிழியும். 28, 30 அங்குல இடைவெளியுள்ள இருக்கையில் உட்கார்ந்தபடி இதை மாட்ட முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்கவும் இடமில்லை. கைக்குழந்தைக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கும் ஒரே அளவு ஹார்னஸ் சரிப்படாது. ஆக்ராவில் உள்ள விமானப்படையின் பாராசூட் பயிற்சிப் பள்ளியில், இளம் வீரர்களுக்கே வாரக்கணக்கில் தரைப் பயிற்சி கொடுத்து, கால் சேர்த்து உருண்டு விழப் பழக்கி, அதன் பிறகுதான் விமானத்தில் ஏற்றுகிறார்கள். இதோடு ஒப்பிட்டால் லைஃப் ஜாக்கெட் மிக எளிமையான பொருள்: தலையில் மாட்டி, ஒரு பட்டையைக் கட்டி, வெளியே வந்ததும் கயிற்றை இழுக்க வேண்டும். 1996 நவம்பர் 23 அன்று கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் எரிபொருள் தீர்ந்து கொமோரோஸ் தீவுக் கடலில் இறங்கியபோது, பலர் உள்ளேயே ஜாக்கெட்டை ஊதிவிட்டார்கள். தண்ணீர் ஏற ஏற, ஊதிய ஜாக்கெட் அவர்களைக் கூரையோடு சேர்த்து அழுத்தியது. மூழ்கி வாசலுக்கு வர முடியாமல் இறந்தார்கள். விமானத்தில் இருந்த 175 பேரில் மொத்தம் 125 பேர் இறந்தார்கள். பீதியில் இருக்கும் மனிதர் எவ்வளவு எளிய கருவியையும் தவறாகக் கையாளுவார் என்பது கேபின் பயிற்சி கொடுப்பவர்கள் எல்லோரும் அறிந்தது.

எதிர்ப்பக்கத்தின் மிக வலுவான வாதத்தையும் சொல்லியாக வேண்டும். 1985 ஆகஸ்ட் 12, ஜப்பான் ஏர்லைன்ஸ் 123. பின்புற அழுத்தத் தடுப்புச் சுவர் உடைந்து, செங்குத்து வாலின் பெரும்பகுதி பறந்துபோய், விமானத்தைத் திருப்பும் தகடுகளை அசைக்கும் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதும் செத்த பிறகும் அந்த போயிங் 747 அரை மணி நேரத்துக்கு மேல் காற்றில் இருந்தது. 524 பேரில் நால்வர்தான் பிழைத்தார்கள். அங்கே நேரம் இருந்தது, உயரமும் இருந்தது. பாராசூட் சிலரைக் காப்பாற்றியிருக்குமா? சிலரை, ஒருவேளை. ஆனால் விமானம் மூக்கை ஏற்றி இறக்கி, இருபுறமும் ஆடிக்கொண்டே மலைகளுக்கு மேலே போயிற்று; அந்த ஆட்டத்தில் நடைபாதையில் நிற்பதே கடினம். எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யார் எண் சொன்னாலும் அது ஊகம்தான். இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் நடந்தது. யுனைட்டெட் 232, ஒரு டிசி-10, அதுவும் ஹைட்ராலிக் முழுவதையும் இழந்தது. விமானிகள் மிஞ்சிய இரண்டு என்ஜின்களின் விசையை மட்டும் கூட்டிக் குறைத்து 44 நிமிடம் ஓட்டி ரன்வேக்குக் கொண்டுவந்தார்கள். இறங்கும்போது உடைந்து தீப்பிடித்தும், 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். பின்வாசலைத் திறந்து ஒவ்வொருவராகத் தள்ளியிருந்தால் அத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

என்ஜின் நின்றால் விமானம் கல்லைப்போல விழும் என்ற எண்ணமும் இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிறது. விழாது, சறுக்கும். 35,000 அடியிலிருந்து எல்லா என்ஜினும் நின்றாலும் நவீன விமானம் 150 கிலோமீட்டருக்கு மேல் மிதந்து போகும். 1982 ஜூன் 24 அன்று, லண்டனிலிருந்து பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்து நான்கு என்ஜினையும் இழந்தது. 37,000 அடியிலிருந்து சுமார் 13,000 அடி வரை சறுக்கியபோது சாம்பலை விட்டு வெளியே வந்தது, என்ஜின்கள் மீண்டும் உயிர்பெற்றன, ஜகார்த்தாவில் இறங்கினார்கள்; ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2001இல் ஏர் டிரான்சாட் ஏர்பஸ் 330 எரிபொருள் கசிந்து அட்லாண்டிக் நடுவில் இரண்டு என்ஜினும் நின்ற பின் 19 நிமிடம் சறுக்கி அசோர்ஸ் தீவில் இறங்கியது. 306 பேரும் உயிரோடு வந்தார்கள். அந்த 19 நிமிடத்தில் அவர்களை இரவில் கடலில் குதிக்கச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆளுக்கொன்று வேண்டாம், விமானத்துக்கே ஒரு பெரிய பாராசூட் கட்டலாமே என்பது அடுத்து வரும் கேள்வி. சிறிய விமானங்களில் அது ஏற்கெனவே இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. நான்கைந்து பேர் போகும் சிர்ரஸ் விமானங்களில் கூரையில் ஒரு சிவப்புக் கைப்பிடி இருக்கும். இழுத்தால் ஒரு சிறு ராக்கெட் கிளம்பி, பின்புறம் மடித்து வைத்த குடையை இழுத்து விரிக்கும். விமானம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,700 அடி வேகத்தில் இறங்கும். தரையில் மோதும் அதிர்ச்சியைச் சக்கரங்களும் இருக்கைகளும் நசுங்கி வாங்கிக்கொள்ளும். 2002 முதல் 200க்கும் மேற்பட்ட உயிர்களை இது காத்திருக்கிறது. இதே முறை அந்த நிறுவனத்தின் 2.7 டன் சிறு ஜெட்டிலும் இருக்கிறது. ஆனால் ஏர்பஸ் 320 முழு எடையில் 78 டன்.

அந்த எடையைக் குடையில் இறக்கிப் பார்த்த உண்மையான உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் திட எரிபொருள் பூஸ்டர்கள் எரிந்து முடிந்த பிறகு ஏறக்குறைய 80 டன் எடையோடு, தலா 41 மீட்டர் விட்டமுள்ள மூன்று குடைகளில் கடலில் இறங்கின. இறங்கிய வேகம் வினாடிக்கு 23 மீட்டர், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். உள்ளே மனிதர் இருந்தால் பிழைக்கக்கூடிய வேகம் இல்லை. இறங்கும் வேகத்தை மூன்றில் ஒரு பங்காக்க வேண்டுமானால் குடையின் பரப்பு ஒன்பது மடங்காக வேண்டும். அதாவது அதே அளவில் 27 குடைகள். அந்தக் குடை ஒன்று ஏறக்குறைய ஒரு டன். ஏர்பஸ் 320 தூக்கக்கூடிய பயணிகள், சாமான் எல்லாம் சேர்ந்தே 20 டன்னுக்குக் குறைவு. இன்றைய துணி இலேசானது என்று பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் பயணிகளில் பெரும்பாலோரை இறக்கிவிட்டுத்தான் குடையை ஏற்ற முடியும். 27 குடைகளும் ஒன்றோடொன்று சிக்காமல் விரிய வேண்டும் என்பது தனிச் சிக்கல். ககன்யானின் ஐந்து டன் அளவுள்ள கலத்துக்கே 25 மீட்டர் குடைகள் மூன்று, அவற்றை இழுத்து விரிக்கச் சிறு குடைகள், வேகம் குறைக்க வேறு குடைகள் என்று மொத்தம் பத்து வைக்கிறார்கள்.

கேபின் மட்டும் தனியாகக் கழன்று பாராசூட்டில் இறங்குவதுபோன்ற கணினிப் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். கழலும் பகுதியைப் போர் விமானத்தில் செய்தே பார்த்தார்கள். எஃப்-111இல் விமானி அறை முழுவதும் பெட்டியாகக் கழன்று இறங்கியது. பல உயிர்களைக் காத்தது, பலருக்கு முதுகெலும்பையும் உடைத்தது. பி-1 குண்டுவீச்சு விமானத்தின் முன்மாதிரியிலும் அதே ஏற்பாடு. 1984இல் அது விபத்துக்குள்ளானபோது கலம் சாய்ந்து மோதி ஒருவர் இறந்தார். அடுத்த வடிவில், ஆளோடு சேர்ந்து வெளியே எகிறும் தனித்தனி எஜெக்‌ஷன் இருக்கைக்கு மாறிவிட்டார்கள். இரண்டு, நான்கு பேருக்கே இந்த நிலை. பயணி விமானத்தில் எரிபொருள் குழாய், ஹைட்ராலிக், மின்கம்பி, உடலின் பாரம் தாங்கும் சட்டங்கள் எல்லாம் அந்தப் பிரியும் கோட்டைக் கடந்துதான் போக வேண்டும். அந்தக் கோடே புதிதாக விபத்து உண்டாக்கும் பலவீனமான இடம்.

இனி செலவு. அவசர பாராசூட் ஒன்று 8 கிலோ என்றால் 180க்கு 1,440 கிலோ. பதினைந்து பயணிகளும் அவர்கள் சாமானும் சேர்ந்த எடை. அமெரிக்க விதிப்படி அவசர பாராசூட்டை 180 நாளுக்குள் ஒருமுறை உரிமம் பெற்றவர் பிரித்துப் பரிசோதித்து மடித்திருக்க வேண்டும். ஓர் உயிரை உறுதியாகக் காக்கும் என்றால் இந்தச் செலவைக் கேட்டு வாங்க வேண்டும் என்றே நான் சொல்வேன். சோதனை விமானங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்: 2005 ஏப்ரல் 27 அன்று ஏர்பஸ் 380 முதன்முறை பறந்தபோது உள்ளே இருந்த ஆறு பேரும் பாராசூட்டோடுதான் போனார்கள். ஆறே பேர், எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள், வெளியேறத் தனி வழி. 500 பேரும் குழந்தைகளும் இருக்கும் விமானத்துக்கு அது பொருந்தாது.

நிறுவனங்களையும் அரசையும் நெருக்க வேண்டிய இடம் வேறு. மங்களூரும் கோழிக்கோடும் மேட்டு ரன்வேக்கள், அதாவது குன்றின் உச்சியைச் சமன்செய்து போட்டவை. ரன்வே முனைக்கு அப்பால் இருக்க வேண்டிய பாதுகாப்புப் பரப்பு 90 மீட்டர் கட்டாயம், 240 மீட்டர் இருப்பது நல்லது என்பது சர்வதேச விதி. இடமில்லாத ஊர்களில் சக்கரம் புதையும்படி நொறுங்கும் காங்கிரீட் படுகை போடலாம். நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் 2005இல் ரன்வேயைத் தாண்டிய ஒரு 747ஐ அது பிடித்து நிறுத்தியது. இன்னொன்று வெளியேறும் வேகம். பாதி வாசல்களை மட்டும் வைத்து 90 வினாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்தால்தான் ஒரு விமானத்துக்கு அனுமதி. ஏர்பஸ் 380 சோதனையில் 873 பேர் 78 வினாடியில் வெளியே வந்தார்கள். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் 350, ரன்வேயில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. எட்டு வாசல்களில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. ஆனாலும் அதில் இருந்த 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

அதனால் அடுத்த முறை ஏறும்போது உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். முன்னாலும் பின்னாலும் வாசலுக்கு எத்தனை வரிசை என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, இருக்கை முதுகைத் தடவித்தான் போக வேண்டியிருக்கும். பெல்ட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக இறுக்குங்கள். புறப்பட்டு மேலே ஏறும் வரையிலும், இறங்கி நிற்கும் வரையிலும் செருப்பையோ ஷூவையோ கழற்றாதீர்கள். வெளியேறச் சொன்னால் மேலே இருக்கும் பையைத் தொடாதீர்கள். நீங்கள் அதை எடுக்கும் பத்து வினாடியில் உங்கள் பின்னால் பத்து பேர் வாசலைக் கடந்திருக்கலாம்.